துபாசி லீவினா

கெட்ட வார்த்தைகளை மட்டும் லீவினா மொழிபெயர்ப்பதில்லை; அப்படியே விழுங்கிவிடுவாள். இன்று காலை துறையில் லூபெக் வியாபாரி ஒருவர், ஆங்கிலேயக் கம்பளிக்காரரின் தாயாரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசினார். லீவினா ஏப்பம் வந்தவள்போல் நெஞ்சைத் தட்டிக்கொண்டு ஆங்கிலேயரிடம் திரும்பி, "மூட்டை கொஞ்சம் ஈரமா இருக்காம், பாத்துக் குடுக்கச் சொல்றாரு" என்றாள். பேரம் படிந்தது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

புரூஜ் நகரத் துறையின் துபாசிகளில் பெண் இவள் ஒருத்திதான். ஐம்பது வயது, கனத்த உடம்பு, குளிரில் சிவந்தே போன மூக்கு. ஆறு பாஷை தெரியும் என்று பெயர். தெரிந்ததெல்லாம் துறைக்கு வேண்டிய அளவுதான்: கனம், ஈரம், புழு, நாளைக்கு, முடியாது. மெழுகு கொண்டுவரும் வடக்கத்தியாரிடமும், மிளகும் படிகாரமும் கொண்டுவரும் ஜெனோவாக்காரர்களிடமும் இதை வைத்தே ஓட்டிவிடுகிறாள். "காதல் கடுதாசின்னா என்கிட்ட வராதீங்கப்பா. மூட்டைன்னா சொல்லுங்க" என்பாள். வீட்டுப் பூனையைத் திட்டுவது மட்டும் ஜெனோவா பாஷையில். "நம்ம பாஷையில திட்டினா அது ரெண்டு நாள் சாப்பிட மாட்டேங்குது."

வாய் நிற்காது. யார் வீட்டில் என்ன சண்டை, எந்த மாலுமிக்கு எந்தத் தெருவில் வேலை என்பதெல்லாம் மதியத்துக்குள் மீன் சந்தைக்குப் போய்ச் சேர்வது அவள் வழியாகத்தான். அப்படிப்பட்டவளுக்குப் போன ஆண்டு அறுவடைக் காலத்தில் ஒரு சோதனை வந்தது.

ஒபேர்த்தோ என்று ஒரு ஜெனோவாக்காரன், கப்பலில் பாய் தைப்பவன், காய்ச்சலோடு சத்திரத்தில் வந்து விழுந்தான். நான்காம் நாள் வைத்தியர் கைவிட்டார். சாகுமுன் அவன் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற, பாவசங்கீர்த்தனம் கேட்க கில்லிஸ் சாமியார் வந்தார். சாமியாருக்கு அவன் பாஷை தெரியாது. அவனுக்கோ லத்தீனில் ஜெபம் மட்டும்தான் தெரியும். அவனுடைய கப்பல்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள். ஆனால் ஒருவனும் உள்ளே வரக்கூடாது என்று அவன் தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டான். லீவினாவைக் கூப்பிட்டார்கள்.

"ஐயோ சாமி, நானா? பாவத்துக்கு அவங்க பாஷையில என்ன வார்த்தைன்னுகூட எனக்குத் தெரியாதே!"

"தெரிஞ்சதை வச்சுச் சொல்லும்மா. அவன் ரொம்ப நேரம் தாங்க மாட்டான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, இங்க கேக்கறது உன்னோட போகணும். வெளிய சொல்லக் கூடாதுன்னு எனக்கு என்ன கட்டோ அதே கட்டு உனக்கும்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தான் பேசியதை மட்டும் லீவினா பிறகு சொன்னாள். "'கெட்டுப்போன சரக்கு என்னென்ன வச்சிருக்கே'ன்னு கேட்டேன். புரிஞ்சுக்கிட்டான். பாவமன்னிப்புங்கற வார்த்தைக்கு எங்க போறது? நம்ம சுங்கக்காரங்க சொல்ற மாதிரி, 'சுங்கம் கிடையாது, படகு போகலாம்'னு சொன்னேன். பாவம், குழந்தை மாதிரி அழுதான்."

கேள்விக்கும் மன்னிப்புக்கும் நடுவில் அவன் என்ன சொன்னான் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. வெளியே வந்தவள் அன்று மதியம் சாப்பிடவில்லை. கால்வாய்ப் படியில் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரியும்.

மீன்காரி நெல்லா விடுவாளா? ஒரு வாரம் தினமும் புகைபோட்ட மீனைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அடியே, எங்கிட்ட மட்டும் சொல்லேன். யாரையாவது கொன்னுட்டானா?"

"மீன்ல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள் லீவினா, கடைசித் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டு.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒபேர்த்தோ பிழைத்துக்கொண்டான். பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். கஞ்சியை எடுத்துவந்த லீவினாவைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கப்பல் கிளம்பும்வரை அவள் முகத்தை அவன் பார்க்கவேயில்லை.

"செத்திருந்தா நிம்மதியாப் போயிருப்பான். பொழச்சதுல, எல்லாம் தெரிஞ்ச என்னை வேற சுமக்கணும் அவன்" என்றாள் லீவினா. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

இந்த வசந்தத்தில் ஜெனோவாக் கப்பல்கள் மறுபடி வந்தன. பாய்த்துணி வாங்க ஒபேர்த்தோ சந்தைக்கு வந்தான். உடம்பு தேறியிருந்தது. தூரத்தில் லீவினாவைக் கண்டதும் சட்டென்று வேறு சந்தில் நுழைந்து, யாக்கப் என்ற அரைகுறைத் துபாசியைப் பிடித்துக்கொண்டான். யாக்கப்புக்கு 'தடிப்பு'க்கும் 'மக்கினது'க்கும் வித்தியாசம் தெரியாது. மக்கிப்போன துணியில் இருபது சுருளை ஜெனோவாக்காரன் தலையில் கட்ட, கடைக்காரன் ஏற்கெனவே கயிறு எடுத்துவிட்டான். அந்தத் துணியை நம்பி நடுக்கடலில் பாய் விரித்தால் முதல் காற்றுக்கே கிழியும்.

நெல்லா முழங்கையால் இடித்தாள். "பாரு, உன் ஆளு உன்னைக் கண்டு ஓடறான்."

லீவினா இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் ஒபேர்த்தோவுக்குக் காதுவரை சிவந்தது. ஓட இடமில்லை, பின்னால் துணிச் சுருள்கள்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள், அன்றுதான் கரை இறங்கிய ஒரு புதுமுகத்தைப் பார்ப்பதுபோல. பிறகு கையை நீட்டி, அவன் பாஷையிலேயே கேட்டாள்:

"வாங்க ஐயா, ஊருக்குப் புதுசா? உங்க பேரு என்ன?"