கொதிகலனுக்கு ஒரு மூட்டை மாவு

இத்தாலியின் கடற்படைத் துறைமுகமான லா ஸ்பெசியாவில் ‘மோன்தெநேரா’ என்று பேச்செடுத்தால் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார். 1866-ல் அந்த இரும்புக் கவசக் கப்பல் போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது போரே முடிந்திருந்தது. பிறகு இருபது வருஷம், வருகிற ராஜாக்களுக்கு மரியாதைக் குண்டு போட்டதுதான் அது கண்ட சண்டை.

அந்த இருபது வருஷமும் அதன் அடிவயிற்றில் கரி அள்ளிப் போட்டவர் அகோஸ்தீனோ கனெஸ்ஸா. ஊரார் சிரிப்பு அவருக்குச் சுருக்கென்று தைக்கும். போன பிள்ளைகளை முழுசாக வீடு சேர்த்த கப்பலில் என்ன கேவலம்? எனக்கும் இன்றுவரை புரியவில்லை.

1887 ஜனவரியில் உத்தரவு வந்தது. நடுவில் நிற்காமல் லிவோர்னோ துறைமுகம் வரை போய்த் திரும்பினால் மோன்தெநேரா பயிற்சிக் கப்பலாக இருக்கலாம், இல்லாவிட்டால் உடைத்துவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதுக் கரிக்காரனை வேறு எந்தக் கப்பல் ஏற்றிக்கொள்ளும்? மூன்றாவது கொதிகலனிலோ குழாய் மூட்டெல்லாம் ஒழுகியது. புதுக் குழாய் கேட்டதற்குப் பட்டறை கையை விரித்துவிட்டது.

கரிக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒழுகும் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் மாவைக் கரைத்து விடுவார்கள். அது வெந்து குழைந்து இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். அகோஸ்தீனோ வீட்டில் இருந்தது ஒரே ஒரு மூட்டை, மலைக்காட்டுக் கொட்டையை அரைத்துக் குளிர்காலத்துக்கென்று வைத்திருந்த கஷ்கொட்டை மாவு.

“மிச்சக் குளிருக்கு எதைத் திங்கிறது? உங்க கப்பலையா?” என்றாள் மனைவி தெக்லா.

“கப்பல் போயிடுச்சுன்னா அடுத்த குளிருக்கும் மாவு கிடையாது, தெக்லா.”

அவள் முறைத்தாள். பிறகு மூட்டையைத் தானே தூக்கி அவர் தோளில் வைத்தாள். “உப்புப் போட்டுடாதீங்க. இரும்பை அரிச்சிடும்.”

கப்பல் லிவோர்னோ போனது, திரும்பியும் வந்தது. நீராவி அழுத்தம் காட்டும் முள் ஒரு கோடுகூட இறங்கவில்லை. ஆனால் பாதி வழியிலேயே மேல்தளம் முழுக்கக் கஷ்கொட்டை அடை சுடுகிற வாசனை. சோதனையைப் பார்க்க ரோமிலிருந்து வந்த அதிகாரி இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டுச் சாப்பாடு எப்போது என்று விசாரித்தார்.

கப்பல் கரை சேர்ந்ததும் தலைமைப் பொறியாளர் சானெல்லி கீழே இறங்கி வந்தார். மூன்றாவது கொதிகலனின் மூட்டில் விரலை வைத்து முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற அகோஸ்தீனோ கரிவாரியைக் கீழே வைத்தார்.

“யார் வேலை இது?”

“என் வேலைதாங்க ஐயா.”

சானெல்லி விரலைத் துடைத்துக்கொண்டார்.

“அடுத்த வாரம் பயிற்சிப் பசங்களை ஏத்திக்கிட்டு நேப்பிள்ஸ் போகணுமாம். வீட்டுல இன்னும் மாவு இருக்கா?”