கத்தரிக்கப்பட்ட அட்டைகள்

காலை பத்து இருபது. சாந்தன்பாறையில் அக்காவின் வீட்டு முற்றத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் வாளி. பழைய கைப்பிடி போய், தடித்த கம்பியை வளைத்து மாட்டியிருந்தது. விளிம்பு வரை மண்ணை நிரப்பி, நடுவில் பந்தல் கம்பை ஊன்றியிருந்தார்கள். முற்றம் சிமெண்ட் தரை. குழி தோண்ட வழியில்லை.

அக்கா முந்தின நாள் மாலை மலைக்குக் கீழே உள்ள மருத்துவமனையில் காலமானார். உடல் நண்பகலில்தான் வரும் என்றார்கள். நான் கோவையிலிருந்து பஸ் மாறி வந்து சேர்ந்தபோது, பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரரின் ஆட்டோ இரும்பும் தகரமும் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதற்கு நான் ஒதுங்கி வழிவிட்டேன். முப்பது ஆண்டு பத்திரிகையில் செய்தி திருத்தியவன், என் அக்கா வீட்டு வாசலில் நடந்தது என்னவென்று கேட்கவில்லை. அக்காவின் இந்த நினைவு மலரில் மற்றவர்களைப் பற்றி எழுதுவதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன்.

அக்கா பிறந்ததும் இதே ஊரில், ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில். எங்கள் பெற்றோர் போடிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். எட்டாம் வகுப்போடு அக்கா ஏலக்காட்டு வேலைக்குப் போனார். நான் கல்லூரி முடித்தது அந்தக் கூலியில். மாமா திருமணமான நான்காம் ஆண்டே மறைந்தார், பிள்ளைகள் இல்லை. முழங்காலிட்டு ஏலக்காய் பறித்து மூட்டு இரண்டும் தேயும்வரை அக்கா வேலை செய்தார். வாசலில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் அவருக்குப் போட்டிருந்த பட்டம் "இல்லத்தரசி".

பழைய லயம் ஒன்றை இடித்த நாளில் அக்கா சேகரிக்கத் தொடங்கினார். இடிபாட்டில் கிடந்த ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். அட்டைப்பூச்சி கடித்தால் தடவ உப்பும் புகையிலைத் தூளும் வைக்கும் டப்பா. வைத்திருந்தவர், உடன் வேலை செய்த சுருளியம்மாளின் தாயார். பிறகு ஒவ்வொன்றாக வந்தன: மழைக்குத் தலையில் போடும் சாக்குக் கொங்காணி, சும்மாடு, பேன் சீப்பு, தூக்குச்சட்டி. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர்கள் பால் கட்டிக்கொண்டால் மார்பில் வைத்துக்கொண்ட துணிகள். மாதவிலக்குத் துணிகள்கூட, துவைத்து மடித்து. ஒவ்வொன்றிலும் நூலில் ஒரு அட்டைத் துண்டு கட்டியிருந்தார். அதில் பொருள், அதைப் பயன்படுத்திய பெண்ணின் பெயர், அவர் வேலை செய்த காடு. பெயர் தெரியாத எதையும் அக்கா வீட்டுக்குள் வைத்ததில்லை.

பக்கத்தில் விடுதி கட்டிய ஒருவர் சுவரில் மாட்ட இவற்றைக் கேட்டு வந்த அன்று நானும் இருந்தேன்.

"பேரோட எடுத்துக்கிறீகளா?" என்று கேட்டார் அக்கா.

"பேரெல்லாம் எதுக்கும்மா, பழசாத் தெரிஞ்சாப் போதும்."

"அப்ப உங்க பாட்டி சாமானைக் கொண்டாந்து மாட்டுங்க."

காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார்.

ஆக்ரிக்காரரின் ஆட்டோ போனதும் வீட்டுக்குள் போனேன். அக்கா இவற்றை வைத்திருந்த முன் அறை காலி. உறவுக்காரப் பெண்கள் இருவர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, மிச்சமிருந்த பொருள்களிலிருந்து அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். காகிதம் தனியாக, இரும்பு தனியாக இருந்தால்தான் ஆக்ரிக்காரர் அடுத்த நடையில் எடுப்பாராம். பின்புறம் துணிகள் எரிந்துகொண்டிருந்தன.

பெரியப்பா மகன் அண்ணன்தான் முன்னின்று நடத்தினார். "ஐஸ் பொட்டி வைக்க எடம் வேணாமாடா தம்பி? வீடா இது, குப்பைக் கிடங்கு" என்றார்.

"ஒவ்வொண்ணுலயும் பேரு எழுதியிருக்குண்ணே."

"எவளோ நாலு கிழவி பேரு. செத்து எத்தனை வருசமாச்சோ."

சித்தி குறுக்கே வந்தார். "தீட்டுத் துணியைப் பொட்டியில மடிச்சு வச்சிருந்தாடா உங்கக்கா. எங்க சம்பந்தி வீட்டு ஆளுக வந்து பாத்தா மானம் போகாதா?"

எழவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். இன்று அச்சில் சொல்கிறேன். அந்தத் துணிகளில் மானம் போக எதுவும் இல்லை. அவற்றைக் கட்டிக்கொண்டு காட்டில் முழங்காலிட்டவர்களின் கூலியில்தான் நாம் எல்லோரும் சாப்பிட்டோம். சித்தியின் தாயார் பெயரும் அந்த அட்டைகளில் இருக்கிறது. வெட்டியவர்கள் யாரும் வாசித்துப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பூப்பாறையில் ஆக்ரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சாக்குகளை அப்படியே ஓரமாக வைத்திருந்தார். "அட்டையில பூரா பொம்பளைக பேரா இருந்துச்சு சார். எடை போட மனசு வரல. யாராச்சும் தேடி வருவாகன்னு வச்சேன்." கட்டாமல் கிடந்த நூற்றுப் பதினேழு அட்டைகளையும் பொருள்களையும் கொண்டுவந்து அக்காவின் அறையில் கொட்டினேன்.

எந்தப் பெயர் எந்தப் பொருளுக்கு என்று எனக்குத் தெரியவில்லை. சுருளியம்மாளுக்குத் தெரிந்தது. ஓராண்டாக, மாதம் இரண்டு ஞாயிறு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி கட்டினோம்.

"இந்தச் சீப்பு பேச்சியம்மாளுது. நாலு பல்லு கிடையாது. அவளுக்கும் கிடையாது" என்பார். "உங்கக்காவும் நானும் இதச் சொல்லித்தான் சிரிப்போம்."

எரிந்த துணிகளின் அட்டைகள் பத்தொன்பது. அவற்றைத் தனியாக ஒரு சட்டகத்தில் மாட்டியிருக்கிறோம்.

பெயர்களை மதித்த ஆக்ரிக் கடைக்காரருக்கும், மூட்டு வலியோடு மேடேறி வந்த சுருளியம்மாளுக்கும், அக்காவைக் கடைசி மாதத்தில் தூக்கி உட்காரவைத்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலர் கைக்கு வரும் உறவினர்கள் வீட்டுக்கு வந்து அறையைப் பாருங்கள். கதவு பூட்டுவதில்லை.

கடைசியாக ஒரு அட்டை மிஞ்சியது. அக்காவின் கையெழுத்து, இறப்பதற்குச் சில மாதம் முன் எழுதியது. "காய் எடுத்த வாளி. நீலம். கம்பிக் கைப்பிடி நானே போட்டது." அதன் கீழே அக்காவின் பெயர்.

பந்தல் பிரித்தவர்கள் அந்த வாளியை, அக்காவை எடுத்த அன்று மாலையே, மண்ணோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.