இன்னும் இரண்டு படம்

லண்டனிலிருந்து நானும் மனைவி ராணியும் கப்பல் சுற்றுலா சென்றிருந்தோம். இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு பகல் மட்டும் இறங்கலாம். அன்று வெள்ளிக்கிழமை. அங்குள்ள ஈழத்தமிழர் கோயிலில் கும்பிட்ட பிறகே சாப்பிடுவேன் என்று ராணி விரதம் இருந்தாள். ஆனால் நீரிழிவு மாத்திரையைப் போட்டிருந்தாள். இரண்டும் எனக்குத் தெரியும்.

இருந்தும் அவளை முதலில் வுச்சீரியா சந்தைக்கு இழுத்துச் சென்றேன்.

“இஞ்சருங்கோ, கை நடுங்குது. கோயிலுக்குப் போவம்.”

“கோயில் எங்கை ஓடப்போகுது? இன்னும் ரெண்டு படம் எடுப்பம்.”

“நானும் ஓடமாட்டன் எண்ட துணிவுதானே உங்களுக்கு!” என்று சிரித்தாள்.

மீன்கடையைப் படமெடுத்துவிட்டுத் திரும்பினேன். அவள் கல்தரையில் விழுந்து கிடந்தாள், தலையில் இரத்தம். அங்கே வேலை செய்த தமிழர் ஒருவர் ஓடிவந்தார்.

“ஐயா, அம்மா ஏதும் சாப்பிட்டவவோ?”

அவள் தலையைத் தூக்கி என் மடியில் வைத்தேன்.

ராணி பிழைத்தாள். ஆனால் தலையில் பட்ட அடியால் படுக்கையாகிவிட்டாள், பேச்சும் போய்விட்டது. திடீரென்று மயங்கிவிட்டாள் என்றே பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையை இங்கேதான் எழுதுகிறேன்.

இப்போது அவளுக்கு ஊட்டாமல் நான் சாப்பிடுவதில்லை. கரண்டியை நீட்டினால் வாயைத் திறக்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை.