குடிவந்த சேதி

எனக்கு ஏழு வயதானபோது நாங்கள் ஜப்பானின் நகோயா நகரத்திலிருந்து டெக்சாஸில் உள்ள ஆலனுக்குக் குடிவந்தோம். பாதிப் பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. அம்மா முதலில் தேடி எடுத்தது குக்கரை. அடுத்தது, பூப்போட்ட தாளில் சுற்றிய பத்துக் கைத்துண்டுகளை.

நகோயாவில் புது வீட்டுக்குப் போனால் அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டி, இப்படி ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டி, ‘குடிவந்திருக்கிறோம், உங்கள் தயவு வேண்டும்’ என்று சொல்லித் தலைகுனிய வேண்டும். நான் இடுப்புக் குழந்தையாக இருந்தபோது அங்கே போன அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இது தெரியவில்லை. இரண்டு வாரம் மாடிப்படியில் யாரும் அவர்களைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லையாம். தப்பான கிழமையில் வைத்த குப்பைப் பை ஒரு சீட்டோடு எங்கள் வாசலுக்கே திரும்பி வந்ததாம். பிறகு அப்பாவின் ஆபீஸில் யாரோ சொல்ல, துண்டு வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். மறுநாளே கீழ் வீட்டு அம்மாள், எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று படமே வரைந்து கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஊர் துண்டால்தான் திறந்தது என்பது அம்மாவின் முடிவு. அதனால்தான் கிளம்பும்போதே ஆலனுக்கும் சேர்த்து வாங்கிவைத்திருந்தாள்.

அப்பா சிரித்தார். “இங்க யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்கம்மா. பகல்ல கதவத் தொறக்கவே ஆள் இருக்காது. உள்ள வை.”

அம்மா உள்ளே வைத்துவிட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வந்து நான்கு நாளாகிவிட்டது. ஊர் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?

ஐந்தாம் நாள் மத்தியானம், பகலும் இரவும் தலைகீழாகிப்போன அம்மா சோபாவில் அசந்து தூங்கினாள். நான் நகோயாப் பள்ளியின் மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு, துண்டுகளை ஒரு துணிப்பையில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டேன். தனியாகப் போவது எனக்குப் புதிதில்லை. அங்கே ஆறு வயதிலிருந்தே பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்கு நடந்தவள். முதல் மூன்று நாள் அம்மா எனக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்து, தெருமுனையில் காசு போட்டால் குளிர்பானம் தரும் மெஷின்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாளாம். நான் தொலைந்துபோகவில்லை. பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் அம்மாவைப் பாராட்டியதை அவள் ஊரில் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தாள்.

வெளியே ஊர் முழுவதும் அம்மாவைப் போலவே தூங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு அகலமான தெருவை நான் பார்த்ததேயில்லை. அதில் நடப்பவர் ஒருவர்கூட இல்லை. எல்லா வீடும் ஒரே செங்கல், ஒரே புல். யாரும் தொடாமலே புல்லுக்குள்ளிருந்து தண்ணீர் எழும்பிச் சுழன்றது. ஒரு வீடு தானாக வாயைத் திறந்து, ஒரு காரை விழுங்கி, மெல்ல மூடிக்கொண்டது. வானம் மட்டும் தாழ வந்து என் கூடவே நடந்தது போலிருந்தது.

முதல் வீட்டில் மணியை அழுத்தினேன். அதைச் சுற்றி நீல வளையம் ஒளிர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. எனக்கு வீட்டில் தமிழ், வெளியில் ஜப்பானிய மொழி, ஆங்கிலம் வராது. நான் ஜப்பானிய மொழியிலேயே, குடிவந்திருக்கிறோம், உங்கள் தயவு வேண்டும் என்று அந்த வளையத்திடம் சொல்லிக் குனிந்தேன். கதவு திறக்கவில்லை. ஒரு பொட்டலத்தை மிதியடி மேல் வைத்துவிட்டு நகர்ந்தேன். இரண்டாவது வீட்டில் நாய் பதில் சொன்னது. மூன்றாவதில் ஓர் ஆண் குரல். அது பேசியதில் ‘மாம்’ என்ற சொல் மட்டும் புரிந்தது. எங்கள் வீட்டைக் கைகாட்டத் திரும்பினேன். எது எங்கள் வீடு என்று தெரியவில்லை. அதற்காக நான் பயப்படவில்லை. இன்னும் ஏழு துண்டு மீதியிருந்தது.

பெரிய தெரு குறுக்கிட்டது. பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி கையை உயரத் தூக்கிக்கொண்டு கடந்தேன். ஒரு பெரிய பிக்கப் வண்டி நின்றது. எதிர்ப்பக்கம் போனதும் திரும்பி, நின்றதற்கு நன்றியாக வண்டிக்குக் குனிந்தேன். ஓட்டி வந்த பெண் கிளம்பாமல், காதில் போனோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை குனிந்தேன்.

ஆறாவது வீட்டு வாசலில் இருந்தபோது போலீஸ் கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. இறங்கியவர் என் உயரத்துக்கு மண்டியிட்டு ஏதோ கேட்டார். அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டிலிருந்து சுடிதார் போட்ட ஓர் ஆன்ட்டி வேகமாக வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“கண்ணு, தமிழா நீயி? ஊடு எங்க சாமி?”

“தெரியல ஆன்ட்டி. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.”

நாலு நாள் முன்னால் பெட்டிகள் இறங்கிய வீட்டை அந்த ஆன்ட்டி பார்த்திருந்தார். ஒரு கையை அவரும் மறு கையைப் போலீஸ்காரரும் பிடித்துக்கொள்ள, ஊர்வலம் போல வீடு வந்தேன்.

கதவைத் திறந்த அம்மாவின் கன்னத்தில் சோபாவின் கோடுகள் பதிந்திருந்தன. போலீஸைப் பார்த்ததும் பழக்கத்தில் குனிந்தாள். அவர் ஒரு சிறு நோட்டை எடுத்து, நான் எப்போதும் தனியாகத்தான் போவேனா என்று அம்மாவிடம் கேட்டார். நகோயாவில் ஆங்கிலம் துருப்பிடித்துப்போன அம்மாவின் காதில் விழுந்தது ‘அலோன்’ என்ற ஒரு சொல்தான். அவள் முகம் மலர்ந்தது.

“எஸ், எஸ். அலோன். டெய்லி அலோன். சிக்ஸ் இயர்ஸ்லேர்ந்து. வெரி குட் கேர்ள்.”

அவர் எழுதிக்கொண்டார். ஆன்ட்டி சட்டென்று குறுக்கே வந்து மடமடவென ஆங்கிலத்தில் பேசினார். ஜப்பான் என்ற பெயர் நாலைந்து முறை வந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தலையசைத்து, காருக்குப் போய் உட்கார்ந்து மேலும் எழுதினார்.

ஆன்ட்டி அம்மாவைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். “ஏனுங்க, இனிமே அப்படிச் சொல்லிப்போடாதீங்க. இந்த ஊர்ல புள்ளையத் தனியா உட்டீங்கன்னா போலீஸ்ல வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க.”

எனக்கு நன்றாகக் கேட்டது. நான் ஓடிப்போய்ப் புட்டியில் தண்ணீர் பிடித்தேன். தொப்பியைச் சரிசெய்தேன். ஷூவை மாட்டிக்கொண்டு மாடிப்படியின் கடைசிப் படியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். போலீஸ் காரில் இதுவரை என் வகுப்பில் யாரும் போனதில்லை.

ஆன்ட்டியை வழியனுப்ப வந்த அம்மா என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். “எங்கடி கெளம்பிட்ட?”

“அவர் கூட்டிட்டுப் போவாருன்னு ஆன்ட்டி சொன்னாங்களே.”

அம்மா படியில் என் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். என் ஷூவை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றிய பிறகும் பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே கார் புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. அம்மா தலையை என் மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

எனக்கும் ஏமாற்றம்தான். ஆனாலும் அவள் அளவுக்கு இல்லை என்று தோன்றியது. அவள் தலையைத் தடவி, “பரவால்லம்மா, நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போவாரு” என்று ஆறுதல் சொன்னேன்.