நாலு விரல் இறக்கம்

அப்பாவின் கம்பெனியில், வெளியே சுற்றி வேலை பார்ப்பவர்கள் அனைவருக்கும் பேனாவால் எழுதக்கூடிய டேப்லெட் ஒன்றைக் கொடுத்த வருடம், நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் பேச்சுப் போட்டி அணியில் என்னைச் சேர்த்துக்கொண்டதும் அதே வருடம்தான். இவ்விரண்டில் எது பெரிய செய்தி என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால், கேட்டவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பேன். அதன்பிறகு எத்தனையோ மேடைகள் ஏறிவிட்டேன்; கோப்பைகளை வைக்க அம்மா ஒரு அலமாரியையே காலி செய்து தந்திருக்கிறாள். ஆனால் என் சொற்களில் எதற்கு அதிக விளைவு இருந்தது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அந்த டேப்லெட்டில் நான் எழுதிய இரண்டு வாக்கியங்களைத்தான் சொல்ல வேண்டும். அவற்றுக்குக் கைதட்டல் எதுவும் கிடைக்கவில்லை.

அப்பா லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பார்ப்பவர். காலை ஏழரை மணிக்கு நாங்கள் குடியிருந்த ஆஸ்டின் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால், நகரின் கிழக்குக் கோடியிலுள்ள வைட்ஃபீல்டின் அடுக்குமாடிகளில் ஒவ்வொன்றாக ஏறி, மொட்டைமாடியிலுள்ள மெஷின் ரூமில் குனிந்து உட்கார்ந்து, கயிற்றையும் பிரேக்கையும் சோதித்துவிட்டு மாலை ஆறரைக்குத் திரும்புவார். எங்கள் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இரும்புக் கூண்டில் இறங்கி ஏறியவர். "அப்பன் கீழ போனாரு, புள்ள மேல போறாரு, ரெண்டு பேரும் கயித்த நம்பித்தான் பொழச்சாங்க" என்று சித்தப்பா அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்.

டேப்லெட் வந்த அன்று மாலை வீட்டிலிருந்த அனைவரும் அதைச் சுற்றி நின்றோம். என் கணக்கு நோட்டைவிட எடை குறைவு. ஒரு கையில் ஏந்திக்கொண்டு, நின்றபடியே எழுதலாம். ஆங்கிலத்தில் கையால் எழுதினால் அச்செழுத்தாக மாற்றித் தரும். பேனாவைத் தலைகீழாகத் திருப்பி அதன் பின்முனையால் தேய்த்தால், எழுதியது சுவடில்லாமல் மறையும். எனக்கு அந்தப் பின்முனைதான் மிகவும் பிடித்திருந்தது.

"இன்னாண்ணா, நாப்பது வயசுல மறுபடியும் கையில சிலேட்டு குடுத்துட்டாங்களா? எங்க, அம்மா ஆடுன்னு எழுதிக் காட்டு" என்றார் சித்தப்பா.

"சும்மா இரு தம்பி. உனக்கு யாராவது ஸ்க்ரூடிரைவரையாவது நம்பிக் குடுப்பாங்களா?" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். அவருடைய சிக்கல் மறுநாளே தொடங்கிவிட்டது. அவர் தங்கவயலில் தமிழ்வழியில் படித்து, ஐ.டி.ஐ. முடித்தவர். ஆங்கிலம் பேசுவார், கன்னடமும் இந்தியும் தேவைக்கு மேலாகவே பேசுவார், ஆனால் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு எழுத்தாக நடந்து போவார். முன்பு காகிதத்தில் நான்கு கட்டங்களை நிரப்பிக் கையெழுத்து வாங்கினால் போதும். இப்போதோ 'குறிப்புரை' என்ற பெரிய கட்டம் ஒன்று வந்துவிட்டது. அதில் ஆங்கிலத்தில் விளக்கி எழுதி, அன்றைய அறிக்கையை இரவு எட்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அப்பாவின் ஆங்கில எழுத்தை அந்த இயந்திரம் என்னென்னவாகவோ மாற்றிக் காட்டியது.

அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மெஷின் ரூமில் இருக்கும்போதே, டேப்லெட்டிலிருந்த வெறும் பக்கம் ஒன்றில் தமிழில் எழுதிக்கொள்வார். இயந்திரம் அதைப் படிக்க முயலாது. கையெழுத்தைப் படமாக அப்படியே வைத்துக்கொள்ளும். வீடு வந்ததும் நான் அதைப் படித்து, குறிப்புரைக் கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதித் தருவேன். என் உருண்டையான எழுத்து ஒரு பிழையும் இல்லாமல் அச்சாக மாறும். கம்பெனியின் பொருளை வீட்டுப்பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததை நான் அறியேன். அறிந்திருந்தாலும், அந்த விதி என் திறமையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றே கருதியிருப்பேன்.

முதல் இரண்டு மாதங்கள் அவர் எழுதியதை அப்படியே ஆங்கிலமாக்கினேன். பிறகு பேச்சுப் பயிற்சி தொடங்கியது. எங்களுக்குப் பயிற்சி தந்த ஆசிரியை, கடுமையான செய்தியை எடுத்த எடுப்பில் வீசக் கூடாது, கேட்பவரை முதலில் மதிப்போடு நெருங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மேடைக்கு அது மிக நல்ல பாடம், இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தப் பாடத்தைக் கற்ற கண்களோடு அப்பாவின் குறிப்புகளைப் படித்தபோது, அவை யாரையோ அதட்டுவதுபோல் எனக்குக் கேட்டன. கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய மேலாளர் இதைப் படித்து, இவர் படிக்காதவர் என்று நினைத்துவிட்டால்? அப்பாவை நான் காப்பாற்ற முடிவுசெய்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் எழுதிக் கொண்டுவந்த குறிப்பு இது. அதன் ஒவ்வொரு சொல்லும் எனக்கு இன்றும் மனப்பாடம்.

'சர்வீஸ் லிஃப்ட். பிரேக் லைனிங் தேஞ்சிபோச்சி. மாடிக்கு நேரா நிக்கல, நாலு விரல் எறங்கி நிக்குது. இன்னும் எறங்கும். இன்னிக்கே நிறுத்தணும்.'

சர்வீஸ் லிஃப்ட் என்பது அந்தக் குடியிருப்பில் வீட்டுவேலை செய்பவர்களும் பார்சல் கொண்டுவருபவர்களும் மட்டும் பயன்படுத்துவது. அதை அங்கேயே நிறுத்திவிடலாமா என்று அப்பா குடியிருப்பின் மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறார். அன்று இரண்டு வீடுகளுக்குச் சாமான் ஏற வேண்டியிருந்தது. நிறுத்த முடியாது, ரிப்போர்ட்டில் போடுங்கள், உங்கள் ஆபீஸ் சொன்னால் பார்க்கலாம் என்று அவர் அனுப்பிவிட்டார். ஆகவே அந்த லிஃப்டை நிறுத்தும் அதிகாரம் அன்று மாலை குறிப்புரைக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அதாவது, எங்கள் சாப்பாட்டு மேசையில் கால்களை ஆட்டிக்கொண்டிருந்த என்னிடம்.

நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'மேற்படி லிஃப்டின் பிரேக் அமைப்பு, நெடுங்கால உழைப்பின் இயல்பான அடையாளங்களை வெளிப்படுத்தத் தொடங்கியுள்ளது. உரிய காலத்தில் தங்களின் மேலான கவனம் இதன்மீது திரும்புமாயின் பெரிதும் நன்றியுடையோம்.'

எழுதி முடித்து, உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பா குளியலறை வாசலில் நின்று, சோப்புத்தூள் போட்டுக் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தணும்னு போட்டியா பாப்பா?"

"அதவிட நல்லா போட்டிருக்கேன்பா."

"எனக்கு ஒண்ணும் பிடிபடல. ஆனா கேக்க நல்லாத்தான் இருக்குது" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் கவனிக்கத் தவறவில்லை. அறிக்கையை அனுப்பினேன். பிறகு, வேலையைச் சுத்தமாக முடிக்கும் எண்ணத்தில் பேனாவைத் திருப்பிப் பிடித்து, அவருடைய தமிழ்க் குறிப்பைத் தேய்த்து அழித்தேன். கிறுக்கலான எழுத்து அது. 'நாலு விரல்' முதலில் மறைந்தது. 'இன்னிக்கே' என்பது கடைசியாக.

மேலாளர் அதைப் படித்துவிட்டு, அவசரம் ஒன்றுமில்லை என்று அடுத்த மாத வேலைப் பட்டியலில் சேர்த்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு வழியில்லை. உரிய காலம் என்றுதானே எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, அந்தக் குடியிருப்பில் மூன்று வீடுகளுக்குச் சமைக்கும் ஓர் அக்கா எட்டாவது மாடியில் கதவு திறந்ததும், நேரே பார்த்தபடி வெளியே காலெடுத்து வைத்தார். அந்த மூன்று நாளில் லிஃப்டின் இறக்கம் நாலு விரலிலிருந்து ஒரு சாணாகியிருந்தது. விளிம்பில் கால் தட்டி, வலக்கை மடங்கிக் கீழேயிருக்க, அதன்மேல் முழு உடம்போடு விழுந்தார். மணிக்கட்டு இரண்டு இடங்களில் முறிந்தது.

அன்று மாலை அப்பா நேரம் கழித்து வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"பாப்பா, செவ்வாக்கெழம நான் தமிழ்ல எழுதின பக்கம் அதுல இருக்குதா?"

"இல்லப்பா, அழிச்சிட்டேன். அசிங்கமா இருந்துச்சு."

அவர் டேப்லெட்டைத் திறந்து, வெறும் பக்கத்தைப் பார்த்தார். "சரி. நாளைக்குப் போட்டி இல்ல? போய்ப் படி" என்றார். நான் போய்ப் படித்தேன். அடுப்படியில் அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். என் குரல் உயர்ந்து ஒலித்ததால் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

போட்டி காக்ஸ் டவுனில், ஒரு சர்ச்சின் மண்டபத்தில் நடந்தது. ஆங்கிலப் பேச்சு, இயந்திரம் மனிதனின் நண்பன் என்பது என் கட்சி. அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். நான் பேசத் தொடங்கியபோது அவர் வந்திருக்கவில்லை. பாதியில் கம்பெனிச் சட்டையோடு உள்ளே வந்து, கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்தார். முதல் பரிசு எனக்கு என்று அறிவித்தபோது, மண்டபத்திலேயே அதிக நேரம் கைதட்டியவர் அவர். என் தொடக்கத்தைக் கேட்காமல் போனாரே என்று நான் அவரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதை நான் கல்லூரியில் சேர்ந்தபிறகே அறிந்தேன். சான்றிதழ் ஒன்றைத் தேடி அவருடைய ஃபைலைக் கிளறியபோது, அந்த அறிக்கையின் அச்சுப் பிரதி கையில் அகப்பட்டது. யாரோ ஒருவர் எழுதியதைப்போல அதைப் படித்தேன். மீதியைச் சித்தப்பாவிடம் வற்புறுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போட்டி நடந்த அன்று காலை அப்பாவை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். நிறுத்தச் சொல்லி எழுதினேன் என்கிறீர்களே, எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். காட்டுவதற்கு எதுவும் இல்லை. இந்த ஆங்கிலத்தை நீங்களா எழுதினீர்கள் என்று மேலாளர் சந்தேகத்தோடே கேட்டிருக்கிறார்.

"வாயத் தொறந்து பொண்ணு எழுதிச்சின்னு சொல்லுண்ணா, சின்னப் புள்ள, விட்டுடுவாங்கன்னு தலபாடா அடிச்சிக்கினேன்" என்றார் சித்தப்பா. "கேக்கலயே! நான்தான் சார் எழுதினேன்னு சொல்லிட்டு, எங்க பாப்பா போட்டிக்குப் போவணும், பெர்மிஷன் குடுங்கன்னு கேட்டாராம். அந்த மனுஷன என்னன்னு சொல்றது?"

கயிற்றைத் தொட்டுப் பார்த்தே அதன் வயதைச் சொல்லக்கூடியவரை, உதிரிபாகங்கள் அடுக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார். டேப்லெட் ஏன் வருவதில்லை என்று நான் கேட்டதற்கு, "அது பழசாயிடுச்சி பாப்பா" என்றார். ஆறு மாதத்தில் எப்படிப் பழசாகும் என்று நான் வாதிட்டேன். அந்த வாதத்திலும் நானே வென்றேன்.

பரிசு வாங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார், கோப்பையையும் எடுத்துவரட்டுமா என்று கேட்டேன், அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார், நான் எடுத்துக்கொண்டேன். வழியில் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கினார். வைட்ஃபீல்டில் பெரிய குடியிருப்பு ஒன்றின் மதிலுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்றின் முன் வண்டியை நிறுத்தினார். உள்ளே அந்த அக்கா, மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவராம்; லிஃப்டில் விழுந்துவிட்டார் என்று மட்டும்தான் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். தரையில் அடுப்பு அணைந்து கிடந்தது.

"வாங்கண்ணா. உக்காருங்க. நீங்க அன்னிக்கே சொன்னீங்க, ரெண்டு நாளு படியிலயே போம்மான்னு. எட்டு மாடி ஆச்சேன்னு நான்தான் கேக்கல. என் தப்புதாண்ணா."

அப்பா ஆப்பிள் பையைக் கீழே வைத்தார்.

"இதுதான் பாப்பாவா? லிஃப்ட்ல பாக்கும்போதெல்லாம் உங்க அப்பாவுக்கு உன் பேச்சுதான். எம் பொண்ணு இங்கிலீஷ்ல எழுதினா பேப்பர்ல வர்ற மாதிரி இருக்கும்னு சொல்வாரு. எங்க, கப்பு வாங்கினத எனக்கும் பேசிக் காட்டு பாக்கலாம்."

எனக்கு இரண்டாவது அழைப்பு தேவைப்படவில்லை. கோப்பையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கதவுக்கும் அடுப்புக்கும் இடையிலிருந்த இடத்தில் நின்று, மதிப்புக்குரிய நடுவர்களே என்று ஆங்கிலத்தில் தொடங்கி ஐந்து நிமிடங்களும் பேசினேன். இயந்திரம் மனிதனின் நண்பன் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினேன். அக்கா கண்ணெடுக்காமல் கேட்டார். முடித்து நான் தலைவணங்கியதும், கைதட்டப் போகிறவர்போல் இரண்டு கைகளையும் தூக்கினார், முகம் சுளித்தது, வலக்கையை மெல்லத் தலையணைக்குத் திருப்பிவிட்டு, இடக்கையால் தன் தொடையைத் தட்டினார்.

"ஒண்ணும் பிடிபடல பாப்பா. ஆனா கேக்க நல்லா இருக்குது."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கோப்பையை மடியில் வைத்து, அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னாலிருந்து கேட்டேன்: "நேத்து அவ்ளோ நேரம் தட்டினீங்க. இன்னிக்கு ஏம்பா நீங்க கைதட்டல?"

"அவங்களால தட்ட முடியலியே பாப்பா" என்றார்.

ஒரு சமையல்கார அக்காவுக்காக இவ்வளவு மரியாதை பார்க்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. கோப்பையை அவர் முதுகுக்கும் எனக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு, ஆஸ்டின் டவுன் வரும்வரை கோபமாகவே உட்கார்ந்திருந்தேன்.