காய்க்காத எலுமிச்சைக்கு ஒரு சிபாரிசு

மரத்துக்குக் காது கேட்குமா?

தாவரவியல் படித்து, இருபது வருடத்துக்கும் மேலாக அதையே கல்லூரியில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்பில் யாராவது கேட்டால், "காது கிடையாது" என்று முடித்துவிடுவேன். அது அந்தக் கேள்விக்கான பதில் இல்லை என்று எனக்கே தெரியும். பதில் என்னிடம் இல்லை.

கசக்கிய எலுமிச்சை இலை வாசனை... அதோடு தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடை. எண்பத்தைந்து, எண்பத்தாறில் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுப் புறவாசல் இப்படித்தான் மணக்கும். வீட்டின் முன்பக்கம் இரண்டு தறி. பின்பக்கம் ஓர் எலுமிச்சை மரம்.

அம்மா பிறந்த ஊர் புளியங்குடி. அங்கே எலுமிச்சை காய்ப்பதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. அங்கிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று, ஏழு வருடமாகியும் ஒரு பூ பூக்கவில்லை. ஊருக்குப் போனால் மாமா அம்மாவை விடமாட்டார். "ஏட்டி, ஒங்க ஊர்ல எலுமிச்சம்பழம் கடையிலதான் காய்க்கோ?"

அப்பாவுக்கு இன்னும் இரண்டு தறி போட இடம் வேண்டியிருந்தது. கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது. மரம் போக வேண்டும்.

அம்மா அவள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னாள். காய்க்காத மரத்துக்கு முன்னால் ஒருவர் கோடாலியோடு நின்று, வெட்டப்போவதாக மிரட்ட வேண்டும். இன்னொருவர் ஓடிவந்து, "அடுத்த வருசம் காய்ச்சிரும், விட்டுருங்க" என்று சிபாரிசு செய்ய வேண்டும். மரம் பயந்து காய்த்துவிடுமாம். சிபாரிசுக்கு வருபவர் வேற்று வீட்டு ஆளாக இருக்க வேண்டும். வீட்டு ஆள் பேசினால் மரம் நம்பாதாம்!

"மரத்துக்குக் காது எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன். வயது பத்து. அறிவியலில் நான்தான் முதல் மார்க்.

"ஒனக்கு ரெண்டு இருந்தும் சொன்னது ஏறுதா?" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். "நடத்து ஒன் நாடகத்த. ஆனா நாளைக்குக் கொத்தனார் வாரான். மரத்துக்காக அவன நிறுத்தமாட்டேன், சொல்லிட்டேன்."

அம்மா அவசரத்தில் பக்கத்து வீட்டுக் கோமதி அத்தையைக் கூப்பிட்டுவிட்டாள். ரத்த உறவு இல்லை. அம்மாவுக்கு மதினி, எங்களுக்கு அத்தை. கல்யாணமாகிப் பதினாலு வருடம். குழந்தை இல்லை. வெள்ளிதோறும் கோயிலுக்குப் போய் புற்றுமண் பூசிக்கொண்டு வருவாள். அம்மாவுக்கு அந்த நேரத்தில் இதெல்லாம் தோன்றவே இல்லை.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோடாலியின் பின்புறத்தால் மரத்தை மூன்று தட்டு தட்டினார்.

"ஏழு வருசமா தண்ணியக் குடிச்சுக்கிட்டு நிக்கி! பூவும் இல்ல, பிஞ்சும் இல்ல. மலட்டு மரம்! இன்னைக்கு இத வெட்டிருதேன் பாரு!"

அந்தச் சொல் வந்ததும் அம்மாவின் முகம் போன போக்கை இப்போதும் மறக்கவில்லை. அப்பாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். கோடாலியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

அத்தை ஓடிவரவில்லை. மெதுவாக வந்து மரத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"காய்க்காட்டா என்னண்ணே?"

தெருவில் தறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"குருவி வந்து அடையுதுல்லா? எலையக் கிள்ளி மோர்ல போடுதோம்லா? காய்க்காட்டா அது மரம் இல்லியா? நிக்கட்டும்ண்ணே... சும்மா நிக்கட்டும்."

அப்பா கோடாலியைக் கீழே வைத்தார். அம்மா, "மதினி..." என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தைதான் முதலில் சிரித்தாள். "வசனம் மாறிப்போச்சே மதினி! மொதல்ல இருந்து சொல்லட்டா?"

மரம் பிறகு காய்த்ததா என்று கேட்பீர்கள். இரண்டு வருடம் கழித்துக் காய்த்தது. விதையில் முளைத்த எலுமிச்சை அவ்வளவு காலம் எடுத்துக்கொள்வது உண்டு. அதனால் அதை நான் சாட்சியாக வைப்பதில்லை. அத்தைக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவள் போட்ட எலுமிச்சை ஊறுகாய் எங்கள் தெரு முழுக்கப் போனது.

இப்போது நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், இலை கொட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத ஒரு மரத்தை வெட்டலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு. அன்றைக்கு மரத்தின் முகத்துக்கு நேராக நின்று சொல்லவேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு விரல் போதும். நான் குழுவில் அதிகம் பேசுகிறவள் இல்லை. "நிற்கட்டும்" என்று ஒரே ஒரு சொல் மட்டும் போட்டேன். கீழே இன்னும் சிலர் அதையே எழுதினார்கள். வெட்டும் ஆள் இதுவரை வரவில்லை...

காது விஷயம் எனக்குத் தெரியாது. அம்மாவின் நாடகத்துக்கு மறுநாள் நடந்தது தெரியும்.

காலையில் கொத்தனார் வந்து புதுச் சுவருக்குக் கயிறு பிடித்தார். கயிறு நேராக மரத்தில் போய் முட்டியது.

"இங்கன வளைச்சுக் கட்டும் வே," என்றார் அப்பா.

"செவரு கோணலாப் போயிருமே அண்ணாச்சி!"

"போவட்டும்."

சற்று நேரத்தில் கோமதி அத்தை அரிசி கழுவிய தண்ணீரோடு வந்து மரத்தடியில் ஊற்றினாள். குனிந்து மரத்திடம் ஏதோ சொன்னாள். தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.