நாலு பத்து

காய்ந்த துணிகளை மடிப்பது ஐந்து வருடமாக டைம்கீப்பரின் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடையைக் கூடத்துக்கு இழுத்து வந்து, தொலைக்காட்சிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். போர்வை, சட்டை, துண்டு எல்லாம் சொன்னபடி கேட்கும். சாக்ஸ்தான் அவரைப் படுத்தி எடுக்கும். அவர் வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் யூனிபார்மோடு கறுப்பு சாக்ஸ் போட்டே ஆக வேண்டும். வீட்டில் பதினொரு ஜோடி இருந்தது, ஒரு கறுப்பு போல இன்னொரு கறுப்பு இல்லை. அவர் உருட்டி வைப்பதை மனைவி சோபாவிலிருந்தே கை நீட்டி எடுத்து, விளிம்பை விரலால் ஒரு தடவு தடவி, "இது அதோட புருஷன் இல்ல" என்று திருப்பிப் போடுவாள்.

அவள் ஆயத்த ஆடைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் செக்கிங் பார்த்தவள். ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தால் எந்தத் தையல் எங்கே தாவியிருக்கிறது என்று அரை நொடியில் சொல்வாள். அவள் பார்த்து அனுப்பிய சட்டை கடல் தாண்டிப் போய்க்கூடத் திரும்பி வராது என்று கம்பெனியில் பேச்சு. அந்தக் கண்ணில்தான் அழுத்த நோய் வந்தது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து, யாரோ திரையை இழுத்து மூடுவதைப் போல, உள்ளே உள்ளே வந்தது. இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அது சரியாக வரவில்லை. இருந்த கொஞ்சப் பார்வையும் ஒரே வாரத்தில் போய்விட்டது. வலது கண்ணில் இப்போது சாவித்துவாரம் அளவுக்கு நடுவில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் வருவதெல்லாம் தெளிவாகத் தெரியும். வெளியே இருப்பது கிடையாது.

அன்றைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். ஒரு மாதம் பேசிப் பேசி, கரைத்துக் கரைத்து, கையைப் பிடித்து அழைத்துப் போனவர் டைம்கீப்பர். இந்த ஐந்து வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

ஞாயிறு ஆறு மணிக்கு 'சாம்பல் பதிவேடு' தொடர் வரும். ஒரு துறைமுக ஊர். அங்கே பழைய சுங்கச் சாவடியில் ஒரு கனத்த பதிவேடு கிடைக்கிறது. ஊரில் யார் எந்த நாள், எத்தனை மணிக்குச் சாகப்போகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியது யார் என்று துப்பறிகிறவர் தேடுகிறார். தன் பெயரைப் பதிவேட்டில் பார்த்தவர்கள் தப்பிக்க ஓடுகிறார்கள். ஒருத்தி ஊரை விட்டுப் போகப் படகு ஏறினாள், படகு கவிழ்ந்தது. ஒருவன் படகே வேண்டாம் என்று மலைப்பாதையில் போனான், பாறை உருண்டது. எல்லாம் எழுதிய நிமிஷத்துக்கு நடந்தது.

அந்தத் தொடரை எடுத்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். முக்கியமானதையெல்லாம் திரையின் ஓரத்தில்தான் வைப்பார்கள். நடுவில் இருவர் பேசிக்கொண்டிருப்பார்கள், மூலையில் ஒரு குடை திறந்து கிடக்கும். அந்தக் குடைக்கு மூன்று வாரம் கழித்து அர்த்தம் வரும். ஆகவே முகங்களை அவள் பார்த்தாள், ஓரங்களை அவர் சொன்னார். "இடது பக்கம் ஒரு ஏணி." "ஜன்னலுக்கு வெளிய ஒரு ஆள் முதுகு." துணி மடித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அவள் கேட்டுக்கொண்டு, மறுநாள் செல்போனில் வாயால் பேசி அதை ரசிகர் குழுவுக்கு அனுப்புவாள். குழுவில் அவளுக்குப் பெயர் செக்கிங் அக்கா. பார்வை குறைந்தவள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் பத்துத் தடவை நிறுத்திப் பார்த்தும் கண்டுபிடிக்காததை அக்கா ஒரே பார்வையில் பிடித்துவிடுகிறார் என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

குழுவில் இரண்டு கட்சி. எழுதிவிட்டால் நடந்தே தீரும், யார் என்ன செய்தாலும் ஒன்றுதான் என்பது ஒரு கட்சி. பதிவேடு ஒரு மண்ணும் செய்யவில்லை, அதைப் படித்துப் பயந்து ஓடியவர்கள் தங்கள் காலாலேயே போய்ச் செத்தார்கள் என்பது மற்றது. இரண்டாம் கட்சிக்குத் தலைவர், மீசை வாத்தியார் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர். நாலு மாதம் முன்புவரை அவள் எந்தக் கட்சியிலும் இல்லை, இரண்டு பேரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் தொடரில் தபால்காரர் வந்தார். அவருக்குப் பதிவேட்டில் மூன்று நாற்பது என்று போட்டிருந்தது. அவர் ஓடவில்லை. வீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த காட்சியிலும் அப்படியே உட்கார்ந்திருந்தார், உயிரோடு. அதோடு அவர் கதையை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விட்டார்கள்.

"மணி என்ன?" என்று அவள் கேட்டாள். "சுவத்துல கடிகாரம் இருக்கா? மணி என்ன காட்டுது?"

டைம்கீப்பர் அந்த நேரம் கூடைக்குள் தலையை விட்டு ஒற்றைச் சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "நாலு பத்து" என்றார்.

அது எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் டிப்போவின் விசாரணை ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் மனிதர். அங்கே யாரும் தெரியாது என்ற பதிலைக் கேட்க வருவதில்லை. வண்டி பழுதாகிப் பாதி வழியில் நின்றாலும், டிரைவர் வரவே இல்லையென்றாலும், கேட்டவருக்கு ஒரு நேரம் சொல்லி அனுப்பியாக வேண்டும். நேரம் கிடைத்தால் ஜனங்கள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். கிடைக்காவிட்டால் ஜன்னலைப் பெயர்த்துவிடுவார்கள். அவரைத் தட்டினால் நேரம் கொட்டும் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். அதிலும் நாலு பத்து என்பது ஆயத்த ஆடைக் கம்பெனிப் பெண்கள் ஏறுகிற வண்டி. ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் கூட்டம் ஜன்னலை மொய்க்கும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி தினமும் வந்து, நேரம் தெரிந்திருந்தும், "நாலு பத்து எப்ப சார் வரும்?" என்று கேட்பாள். அவளைத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார்.

அந்த நாலு பத்தை அவள் குழுவில் சொன்னாள். அன்றைக்கே கலவரம். ஆளாளுக்குப் படத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நிழலில் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கத்தான் செய்தது. கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, எது பெரிய முள், எது சின்ன முள் என்று தெரியவில்லை. ஒரு முள் இரண்டின் பக்கம், ஒரு முள் நாலின் பக்கம். பாதிப் பேர் நாலு பத்து என்றார்கள், பாதிப் பேர் இரண்டு இருபது என்றார்கள். நாலு பத்து என்றால் தபால்காரர் தன் நேரத்தைத் தாண்டிவிட்டார், இரண்டு இருபது என்றால் அவருக்கு இன்னும் நேரமே வரவில்லை.

அன்றிலிருந்து மூன்றாவதாக ஒரு கட்சி உண்டாயிற்று. நாற்காலிக் கட்சி, தலைவி செக்கிங் அக்கா. தப்பிக்க எதையாவது செய்கிறவர்களைத்தான் விதி பிடிக்கிறது, ஒன்றும் செய்யாமல் இருப்பவர்களை அதற்கு அடையாளம் தெரியாது என்பது கொள்கை. உட்கார்வதும் நாமாக முடிவு செய்வதுதானே அக்கா என்று மீசை வாத்தியார் மடக்கினார். அது தனக்கும் புரியவில்லை, ஆனால் உட்கார்ந்தவன் பிழைத்தான் என்று அவள் பதில் அனுப்பினாள். டைம்கீப்பர் துணி மடித்துக்கொண்டே கேட்டுச் சிரித்தார். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

போன மாதம் கண் டாக்டர் சொட்டு மருந்து இனிமேல் தாங்காது என்றார். வலது கண்ணுக்கும் ஆபரேஷன் செய்தால், இருக்கிற வட்டம் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உறுதி கொடுக்க முடியாது. செய்யாவிட்டால் அது மூடிக்கொள்வது நிச்சயம். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார். அதை விட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் இடம் இருக்கிறது, அதுவரை இந்தக் கண் காத்திருக்கும் என்று தான் சொல்ல மாட்டேன் என்றார். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "நான் நாற்காலிக் கட்சி" என்றாள்.

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று அவர் முதலில் நினைத்தார். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. மகள் வெளியூரிலிருந்து தினமும் போன் செய்து, "நீங்க சொன்னா கேப்பாங்கப்பா" என்றாள். அவர் சொல்லி அவள் கேட்டதற்குச் சாட்சியாக ஒரு கண் ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் தபால்காரர் காட்சியைத் தேடி எடுத்து, நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தார். ஆயுள் முழுக்கக் கடிகாரம் பார்த்த மனுஷன். அவராலும் சொல்ல முடியவில்லை. கிட்டே போகப் போக முள் கலைந்து புள்ளி புள்ளியாகப் போயிற்று. குளியலறைக் கதவுச் சத்தம் கேட்டதும் திருடனைப் போல அணைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குச் சொட்டு மருந்து. டிப்போ அட்டவணை போலவே அதற்கும் ஓர் அட்டவணை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார். அவள் சோபாவில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவர் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டார். அவள் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டாள். ஐந்து நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் அவள் எங்கேயும் எழுந்து போக மாட்டாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"நான் அன்னிக்குக் கடிகாரத்தப் பாக்கல" என்றார்.

"என்னிக்கு?"

"தபால்காரன் உக்காந்திருந்தானே, அன்னிக்கு. நீ மணி கேட்டப்ப நான் சாக்ஸ் தேடிட்டிருந்தேன். வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

அவள் விரலை எடுக்கவில்லை. "பாக்கவே இல்லையா?"

"தலையத் தூக்கல."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். குழுவில் நாலு மாதமாகத் தன்னை முட்டாளாக்கி வைத்திருந்ததற்காவது இரண்டு வார்த்தை திட்டுவாள், திட்டி முடித்துவிட்டு அந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவாள் என்று மூன்று நாளாக நம்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு கடிகாரத்துல எழுநூத்தி இருபது நிமிஷம் இருக்கு" என்றாள். "நீங்க பாக்காம ஒண்ணச் சொல்றீங்க. அது நேரா போய் அந்த ரெண்டு முள்ளு மேல உக்காருது. எப்படி?"

"அது ரெண்டு இருபதாவும் இருக்கலாம்மா."

"நாலு பத்தாவும் இருக்கலாமில்ல? அதுவும் என் வண்டி."

"அது டிவி. எவனோ ஸ்டூல் போட்டு ஏறி மாட்டின கடிகாரம். உள்ள பேட்டரிகூட இருந்திருக்காது."

"பாத்துச் சொன்னீங்கன்னு நெனச்சப்ப, தப்பாப் பாத்திருப்பீங்களோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றாள் அவள், மிகவும் நிதானமாக. "இப்ப அதுவும் இல்ல."

டைம்கீப்பர் மருந்துப் புட்டியின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. தான் எடுத்து வைத்த ஒரே ஆயுதத்தை அவள் வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. சொல்லாமல் இருந்திருந்தாலும் தப்பு, சொன்னதும் தப்பு. வேறு எதைச் சொன்னாலும் அதையும் அவள் தையல் பிரித்துத் தன் துணியோடு சேர்த்துத் தைத்துக்கொள்வாள்.

"சின்னப் புள்ளையா நீ?" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடத் தணிந்து வந்தது. "கதைய நம்பி யாராவது கண்ண விடுவாங்களா?"

"கதைய நம்பல." அவள் விரலை மாற்றிக்கொண்டாள். "அந்தக் கண்ணு போனப்ப, ஆபரேஷனுக்குப் போகாம இருந்திருந்தா பார்வ இருந்திருக்குமோன்னு தினமும் யோசிச்சேன். அஞ்சு வருஷம். காலையில எந்திரிச்சதும் அதான். இது தானா போச்சுன்னா எனக்கு யோசிக்க ஒண்ணும் இருக்காது."

"நான்தானே கூட்டிட்டுப் போனேன். என்னத் திட்டேன்."

"நீங்க கையத்தான் பிடிச்சீங்க. நடந்தது நான்."

ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. மணி பார்க்காமலே அது அவருக்குத் தெரியும். அவள் கண்ணோரத்தைப் பஞ்சால் ஒற்றி, வழக்கம்போல அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். மெதுவாக எழுந்தாள். சோபாவிலிருந்து படுக்கையறை வாசல்வரை ஏழு காலடி, அவள் எண்ணி வைத்திருந்தாள்.

"காலையில எட்டு மணிக்கு வண்டி சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அவள் நாலாவது காலடியில் இருந்தாள். நிற்கவில்லை. கையை நீட்டி நிலைச்சட்டத்தைத் தொட்டு, அது இருக்கிறதா என்று விளிம்போடு விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போனாள்.